சர்க்கரை போடாத ஜாடி

ஆரஞ்சுத் தோலைத் திருப்பிப் பிடித்து, உள்பக்கத்து வெள்ளையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள் வேம்புலியம்மாள். வெள்ளை ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் கசந்துவிடும். சுரண்டிய தோலை மூக்கருகே வைத்து மடிப்பாள். எண்ணெய் சுருக்கென்று தெறித்தால் அது ஜாடிக்கு, தெறிக்காவிட்டால் குப்பைக்கு. "சாறு ஊர்க்காரனுக்கு, தோலு எனுக்கு" என்பாள்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பழச்சாறு வண்டி வைத்திருக்கிறாள். பிழிந்த பழங்களின் தோலில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு, முகப்பேரில் தான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வருவாள். அடுக்களையில் வெயில் படாத மூலையில் ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடி ஜாடி. அதில் வோட்கா, வோட்காவில் தோல், துணைக்கு ஒரு துண்டு பட்டை. தண்ணீர் நிறம் தேன் நிறமானதும் தோலை வடித்துவிட்டு, சர்க்கரை போட்டு, மூடியைத் திருகிவிடுவாள். சர்க்கரை விழுந்த ஜாடியைத் தீபாவளி வரைக்கும் அவளே தொடமாட்டாள். போன வருஷம் நெல்லிக்காய், அதற்கு முன் நன்னாரி. எதுவானாலும் அவள் வைத்த பெயர் ஒன்றுதான்: ஜாடி சரக்கு.

வோட்கா வாங்கவும் அவளேதான் போகிறாள். கணவர் கஜபதிக்கு மண்ணூர்பேட்டையில் லேத் வேலை, குடிப்பழக்கம் இல்லை. "எங்கூட்டுக்காரு அந்தக் கட வாசல்ல நின்னாலே வேர்த்து ஊத்திடும்." வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் ஒருமுறை, "இன்னா ஆயா, குவாட்டரா?" என்று சீண்டினான். "ஆயா உங்கூட்ல கீறாங்க. குவாட்டரு உனுக்கு, எனுக்கு ஃபுல்லு" என்றாள் இவள், திரும்பிப் பார்க்காமலே.

விற்பதில்லை. தீபாவளிக்கு அந்தக் கட்டடத்தில் வேண்டுமென்கிறவர்களுக்கு, இருமல் மருந்து வந்த சின்னப் புட்டிகளில் ஊற்றித் தருவாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடியளவு, நாக்கில் நிறுத்தி விழுங்க வேண்டும். மடக்கென்று ஊற்றிக்கொண்டு ஊறுகாயைத் தேடுகிறவனுக்கு அடுத்த வருஷம் கிடையாது. புட்டி கழுவித் திரும்பி வந்தாக வேண்டும். அங்கே யாரும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் தருவதில்லை என்பதால், அவள் புட்டிகளும் மிளகோ கல்கண்டோ சுமந்துதான் வரும். கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இளங்கோவுக்குக் கொடுத்தவை மட்டும் மூன்று வருஷமாக வரவில்லை. "பெரிய மன்சன், எப்டிப் போய்க் கேக்கறது?" என்று விட்டுவைத்திருந்தாள்.

போன மாதம் மொட்டை மாடியில் குடித்துக்கொண்டிருந்த கும்பல் தண்ணீர்த் தொட்டியின் குழாயை உடைத்தது. கட்டடமே குடம் தூக்கியது. உடைத்தவர்களில் இளங்கோவின் மைத்துனனும் உண்டென்று எல்லோருக்கும் தெரியும். சங்கக் கூட்டத்தில் இளங்கோ எழுந்து, "இந்த பில்டிங்லயே சாராயம் காய்ச்சற வீடு இருக்கு. அப்புறம் பசங்க எப்படி உருப்படுவாங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு முன்னால் ஜாடியைக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிக் காலி செய்ய வைப்போம் என்று முடிவானது.

வேம்புலியம்மாளின் குரல் அன்று மூன்று மாடிக்கும் கேட்டது. "காச்சறேனா? எங்கய்யா அடுப்பு? எங்க பான? கடையில காசு குட்து வாங்கினு வந்து தோல ஊற வெச்சிக்கினு கீறேன். கொயாய ஒடச்சவன் காலர தூக்கினு மாடி ஏர்றான், அவன ஒரு வார்த்த கேக்க நாதியில்ல. ஆம்பள குடிச்சா டென்ஷனாம், பொம்பள ஒரு ஜாடி வெச்சா குத்தமாம்! நல்லா கீதுய்யா உங்க நாயம்!"

கஜபதி கதவைச் சாத்தினார். "ஊத்திடு வேம்பு. இந்த வாடகைக்கு வேற ஊடு கெடைக்காது." அவள் ஜாடியிலிருந்து தோலை மட்டும் வடித்தெடுத்தாள்.

ஞாயிறன்று இளங்கோவும் கமிட்டிக்காரர் அமல்ராஜும் வந்து நின்றார்கள். பார்க்க வந்தவர்களால் படிக்கட்டு நிறைந்திருந்தது. வேம்புலியம்மாள் ஜாடியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். மூடி திறந்திருந்தது, ஆரஞ்சு வாசனை படியிறங்கிப் போனது.

"ஊத்திட்றேன். மொதல்ல என் புட்டிங்கள குடுங்க. யாராண்ட இன்னா கீதோ, அல்லாம் வரணும்."

அமல்ராஜ் இறங்கிப்போய், மிளகு நிரப்பிய ஒரு புட்டியோடு திரும்பி வந்தார். தலை குனிந்திருந்தது.

"எங்க வீட்ல எதுவும் இல்லம்மா" என்றார் இளங்கோ. "எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

"இருக்குங்க்கா." கீழ்ப்படியிலிருந்து அவர் மனைவி சௌம்யாவின் குரல். கூட்டம் விலகி வழிவிட்டது. தட்டில் மூன்று புட்டிகள், பளிச்சென்று கழுவி, கழுத்துவரை சர்க்கரையோடு. "பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தார். மூணு வருஷமா எனக்கு ஒரு மூடிகூடக் குடுத்ததில்ல."

யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். இளங்கோ சுவரைப் பார்த்தார். "சரி... புட்டி வந்துடுச்சுல்ல. ஊத்துங்க."

வேம்புலியம்மாள் தட்டை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு புட்டியாகக் கவிழ்த்தாள். மூன்று புட்டிச் சர்க்கரையும் சரசரவென்று ஜாடிக்குள் இறங்கியது. விளிம்பில் ஒட்டியதை விரலால் உள்ளே தள்ளி, வாய்ப்பக்கத்தை முந்தானையால் துடைத்து, மூடியை வைத்து இறுகத் திருகினாள்.