மருத்துவச்சி போடச் சொன்ன ஹெல்மெட்

எழுபத்தெட்டாம் வருஷமோ எழுபத்தொம்பதோ இருக்கும். இலங்கையில, கொஸ்லந்தைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு தோட்டத்து டிஸ்பென்சரியில வேலை. எங்க வீட்டு வரிசையைத்தான் லயம்னு சொல்வோம்; லயத்துக்கு லயம் மருந்து கொண்டு போக ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தாங்க. ரோடுன்னு சொல்ல ஒரு துண்டுதான். மத்ததெல்லாம் கல்லும் சேறும், தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை. ஹெல்மெட்டும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. அவரு அதை வாசல் ஆணியில மாட்டினதோட சரி.

போட்டுக்கிட்டுப் போங்கன்னு நான் சொல்லாத நாளில்ல. "மலையில எவன் வந்து என்னை இடிக்கப் போறான்?"னு சிரிப்பாரு. எண்ணெய் தேச்சு வகிடெடுத்த முடி கலையக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த சமயம் பதுளையில இருந்து புதுசா ஒரு மருத்துவச்சி வந்துச்சு. இளவயசு, வெள்ளைச் சேலை. தோட்டத்தோட மேல் பிரிவுல யாருக்காவது பிரசவ வலின்னா இவருதான் பின்னால ஏத்திக்கிட்டுப் போகணும். அந்தம்மா தனக்குன்னு ஒரு ஹெல்மெட் கையோட கொண்டு வந்திருந்துச்சு. முதல் நாளே, நீங்களும் போட்டாத்தான் ஏறுவேன்னு நின்னுடுச்சாம். இவரு ஓடி வந்து, ஆணியில இருந்ததை எடுத்து, தூசிகூட தட்டாம தலையில கவுத்துக்கிட்டு ஓடுறாரு! நான் அடுப்படியில இருந்து பார்த்துக்கிட்டே நின்னேன். எண்ணெய் தேச்சு விட நான், சொல்லு கேக்க அவளா? அன்னைக்குப் பத்தின வயிறு அணையவே இல்ல.

ஊரு சும்மா இருக்குமா? கொழுந்து எடுக்கையில பக்கத்து நிரைக்காரி ஆரம்பிச்சா. "என்னக்கா, மச்சான் தலையில கிரீடம் ஏறிடுச்சு. யாரு சூட்டினது?"

"உன் புருஷனுக்கும் சூட்டலாம்டி, அதுக்கு உள்ள ஏதாவது இருக்கணுமே"ன்னேன். மலையே சிரிச்சுச்சு. எனக்குத்தான் சிரிப்பு வரல.

ஹெல்மெட் அவரு தலைக்குப் பெருசு, ஆடும். ஒருநாள் எடுத்துப் பார்த்தா உள்ள வெள்ளைப் பஞ்சு! துணிக்குள்ள வச்சு, பொடித் தையலா சுத்தித் தைச்சிருக்கு. யாரு தைச்சதுன்னேன். "ஆடுதுன்னேன், அந்தம்மா தைச்சுக் குடுத்துச்சு"ன்னாரு, சோத்துல இருந்து தலையைத் தூக்காம. மறுநாள் குழம்புல உப்பில்லைன்னாரு. நான் போட்டாத்தானே இருக்கும்?

ஞாயித்துக்கிழமை அவரு தண்ணி கொட்டுற பீலிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பஞ்சை அறுத்து அடுப்புல போட்டேன். என் பழைய தலைத்துண்டை எடுத்தேன். கொழுந்துக் கூடையோட கயிறு எங்க தலையிலதான் தொங்கும். கயிறு அறுக்காம இருக்க, துணியை மடிச்சு மடிச்சு அடியில வைப்போம். இம்மி அசையாத மடிப்பு அது. அதே மாதிரி மடிச்சு, கோணி ஊசியால உள்ள சுத்தித் தைச்சேன். தாடை வாரையும் பிடிச்சுக் குட்டையாக்கினேன். அவரு தலையில யாரு துணி ஒட்டுதுன்னு பார்த்துடலாம்னு எனக்கு.

போட்டுப் பார்த்துட்டு, "என்னடி இது, நெரிக்குது! அந்தம்மா வச்சது மெத்துன்னு இருந்துச்சு"ன்னாரு.

"மெத்துன்னு வேணும்னா தலகாணியைக் கட்டிக்கிட்டுப் போங்க."

அடுத்து வந்த அடைமழையில, மேல் பிரிவுல அந்தம்மாவை இறக்கிட்டுத் தனியா திரும்பும்போது வண்டி சறுக்கிடுச்சு. உருண்டு போய்த் தண்ணி ஓடுற கானுக்குள்ள, கல்லுல தலை மோத விழுந்திருக்காரு. கூச்சல் கேட்டு, கூடையைப் போட்டுட்டு ஓடினேன். கம்பளியில போட்டுத் தூக்கிட்டு வர்றாங்க. கை ஒரு பக்கம் தொங்குது. ஹெல்மெட் தேங்காயாட்டம் கீறல் விட்டிருக்கு, ஆனா தலையை விட்டு நகரல. கிட்டப் போய்க் குனிஞ்சேன். அவரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நெரிக்குதுடி, கழட்டு"ன்னாரு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நான் தைச்ச வாரு கழல மாட்டேன்னுச்சு. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியாலதான் அறுத்தாங்க.

பிரசவத்தை முடிச்சுட்டு அந்தம்மா மழையில நடந்தே இறங்கி வந்துச்சு. கைக்குப் பலகை வச்சுக் கட்டிட்டு, ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்துச்சு.

"நான் வச்ச பஞ்சு எங்கக்கா?"

"அடுப்புல"ன்னேன், தலையை நிமுத்தி.

அந்தம்மா சிரிச்சுடுச்சு. "இதைப் போடச் சொன்னதுக்கு லயத்துல என்னென்ன பேசினாங்கன்னு எனக்கும் தெரியும்க்கா. பேசினா பேசிட்டுப் போகட்டும், தலை தப்பணுமேன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்"னுச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணு. தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன். சீனி கொஞ்சம் கூடவே போட்டேன்.

அவரு அதுக்கப்புறம் ரொம்ப காலம் இருந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துட்டு, படுக்கையில படுத்துத்தான் போனாரு. அந்தத் தலையில ஹெல்மெட்டை ஏத்தினது அவ, கழலாம வச்சது நான். பாதிப் பங்கு அவளுக்குன்னு ஒத்துக்க இன்னைக்கும் எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா அவ பாதி இல்லைன்னா, நான் தைச்சது ஆணியிலதானே தொங்கியிருக்கும்.