பதில் வராமல் பழகியவர்கள்

இரண்டு வருடங்களுக்கு முந்திய மழைக்காலம். இலங்கை மலையகத்தில், கொட்டகலை பஜாரில் ஒரு கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே மாடிதான், கூரை மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒழுகுகிறது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, வந்தால் வரும். மின்னஞ்சலாவது எங்கள் பெயரில் இருக்கட்டும் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரில் நானே மெயில் சேர்வர் அமைத்தேன். இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளேன்டா என்று நண்பர்கள் சொன்னார்கள், கேட்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்குச் சொந்த முகவரி கொடுத்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

டயகம பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தது அப்போதுதான். அவருடைய மகளுக்கு நான்கு வயது, இரண்டு காதும் கேட்காது. இப்படிப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்குக் காது மெஷின் கொடுத்துப் பேசவும் பழக்குகிற ஒரு நிலையம் கொழும்பில் இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவைதான் பிள்ளைகளைச் சேர்ப்பார்களாம். விண்ணப்பம் மின்னஞ்சலில் போகவேண்டும். வயது ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா பெயரில் ஒரு முகவரி திறந்து, டாக்டரின் அறிக்கையோடு விண்ணப்பத்தை அனுப்பினேன். பதில் இல்லை. கொஞ்ச நாள் விட்டு மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இருக்காது. அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி, மழையில் நனைந்து வருவார். லயத்துக்குப் பின்னால் விளைந்த போஞ்சிக்காய் ஒரு பை கையில் இருக்கும்.

"பதில் வந்துச்சாங்க தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

"அவங்க எங்கங்க நமக்கெல்லாம் பதில் போடப்போறாங்க" என்று சொல்லிவிட்டு மகளின் தலையைத் துவட்டுவார். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

இப்போது நினைத்தால் அந்தத் தலையாட்டல்தான் என்னைக் குத்துகிறது. எந்த ஆபீசுக்கு எழுதினாலும் பதில் வராது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன சங்கதி. வேறு ஒருவன் என்றால், பதில் வராதபோது எங்கோ கோளாறு என்று தேடியிருப்பான். எனக்கு அது கோளாறாகவே படவில்லை.

சேர்வரைப் பார்க்காமலும் இல்லை. 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது. என் முகவரியிலிருந்து அக்காவின் முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. ஒரே கம்ப்யூட்டருக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போட்டால் வராமல் எங்கே போகும்? இந்த லட்சணத்தில் நான் வாத்தியார் வேறு. நிலையத்துக்குப் போன் பண்ணலாமா என்றும் ஒரு தரம் தோன்றியது. பதில் போடாதவர்களிடம் போனிலும் பேச்சு வாங்கவேண்டுமா என்று ரோஷம் வந்து விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள், கொழும்பில் வேலை செய்யும் என் பள்ளிக்கூட நண்பன் திருவிழாவுக்கு ஊர் வந்தான். வகுப்புக்குள் நுழையும்போதே சண்டை.

"கல்யாணத்துக்கு மெயில் போட்டேன், ஒரு வரி பதில் போட மாட்டியாடா?"

நான் அன்றைக்கே வாழ்த்துப் போட்டிருந்தேன். வரவேயில்லை என்று சாதித்தான். அவன் போனை வாங்கி, குப்பை மெயில்கள் ஒதுங்கும் ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். லொத்தரில் பரிசு விழுந்திருப்பதாக ஏமாற்றுகிறவர்களின் மெயில்களுக்கு நடுவே என் வாழ்த்து கிடந்தது.

மெயிலோடு வந்த விவரங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவை வரும்போதும் எங்கள் இணைய இணைப்புக்கு வேறு எண் கிடைக்கும். இந்த எண்ணிலிருந்து வந்தால்தான் எங்கள் மெயில் என்று நான் எல்லா இடத்துக்கும் அறிவித்து வைத்திருந்ததோ பழைய எண். வாங்குகிறவர்கள் பக்கம், யாரோ எங்கள் பெயரில் கள்ள மெயில் அனுப்புவதாகத்தான் தெரிந்திருக்கும். குப்பையில் தள்ளாமல் என்ன செய்வார்கள்? உள்ளே வரும் மெயில்களுக்கு எண் தானாக மாறும்படி வைத்திருந்தேன்; அவை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகம் தட்டவில்லை. திருத்தவேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

அங்கேயே நின்று நிலையத்துக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். ஸ்பாமில் பார்க்கச் சொன்னேன்.

"ஐயோ, இதுக்குள்ள எல்லோ கிடக்குது" என்றார். "தம்பி, மலையகத்தில இருந்து ஒரு பிள்ளையாவது வரும் எண்டு ஒரு இடம் வச்சுக்கொண்டு இருந்தனாங்கள். போன கிழமைதான் வேற பிள்ளைக்குக் குடுத்தனாங்கள். அடுத்த வருசம் கட்டாயம் எடுப்பம்."

அந்த ஞாயிறு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க என்னாங்க தம்பி பண்ணுவீங்க? அவங்க எப்பவுமே இப்படித்தானே."

"இல்லக்கா, அவங்க மேல தப்பில்ல. நம்ம பாப்பாவுக்காக எடம் வச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் அனுப்புனதுதான் போய்ச் சேரல."

அக்கா லேசாகச் சிரித்தார். "நான் மனசு ஒடஞ்சிருவேன்னுதான் இப்படிச் சொல்றீங்க" என்று மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சொன்னபடியே அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. முன்னமே வந்திருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்களாம். அதை அக்கா என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது யாருக்கு எதை அனுப்பினாலும், கையோடு போன் பண்ணிக் கிடைத்ததா என்று கேட்டுவிடுகிறேன். சில பேர் எரிந்து விழுகிறார்கள், விழட்டும்.

அந்தப் பிள்ளை இழந்த வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அவளுக்காகவும் ஒரு இடம் காத்துக்கொண்டிருந்தது என்று அவளுடைய அம்மாவை நம்பவைக்கவும் இன்றுவரை என்னால் முடியவில்லை.