சொந்தக் கட்டுரைக்கு ஒரு பிரதி

நான் எழுதிய கட்டுரையை வாசிக்க எனக்கு அனுமதி இல்லை என்று முதலில் சொன்னது ஒரு கணினித் திரை. பிறகு மனிதர்களும் அதையே சொன்னார்கள், கொஞ்சம் மரியாதையாக.

கட்டுரை கிணறுகளைப் பற்றியது. குறிஞ்சாக்கேணியில், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பை ஒட்டியிருக்கும் வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் எந்தக் காலத்தில் எவ்வளவு உப்பாகிறது என்று அளந்து எழுதியது. நான் பக்கத்துக் கிண்ணியாக்காரி. வீடு வீடாகப் போய் வாளியை இறக்குவதற்கு எனக்கு யாருடைய அறிமுகமும் தேவைப்படவில்லை. அந்தத் தண்ணீரிலேயே ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு, போத்தல்களைப் பழைய துவாய்களில் சுற்றிப் பையில் அடுக்கி, கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நிலாவெளிப் பாதையில் பல்கலைக்கழக வளாகத்துக்கு இன்னொரு பஸ் என்று சுமந்துகொண்டு போவேன். "கடையில இல்லாத தண்ணியா மிஸ்?" என்று கொண்டக்டர் ஒருவர் எப்போதும் நக்கலடிப்பார்.

அப்போது நான் அங்கே தற்காலிக விரிவுரையாளர். ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்கள், திரும்பவும் முடியும். துறைத் தலைவரைச் சேர் என்றே இங்கும் சொல்கிறேன். வேறு எப்படியும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. தலைப்பை அவர் சொன்னார், மற்ற எல்லாவற்றையும் நான் செய்தேன். கட்டுரையில் அவருடைய பெயர் முதலாவது, என்னுடையது இரண்டாவது. அதில் எனக்கு வருத்தமே வரவில்லை. பெயர் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு மலிவாக இருந்திருக்கிறேன்.

சேரைக் கெட்டவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சத்தம் போடமாட்டார். எல்லாரையும் நீங்கள் என்றுதான் கதைப்பார். பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பத் தவறமாட்டார். ஒரேயொரு பழக்கம், எதையும் முதல் தரம் கேட்டவுடன் தரமாட்டார். கேட்டவர் திரும்பவும் வந்து, கதவோரம் நின்று, கதிரையில் இருக்கச் சொல்லும்வரை காத்திருந்து கேட்கவேண்டும். அது அவருக்குப் பிடிக்கும். அதை நாங்கள் எல்லாரும் அவருடைய மறதி என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வோம்.

துறைக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. நூலகம் சந்தா கட்டிய மின்னிதழ்கள் வளாகத்துக்குள் இருந்தால்தான் திறக்கும். வெளியில் என்றால் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லை ஒழுங்காகப் பாவிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே குழுவில் யார் எந்தக் கட்டுரையைக் கேட்டாலும் இறக்கிப் போடுவது என் வேலையாகிவிட்டது. கொழும்பில் படிப்பு விடுமுறையில் இருந்தவர்களுக்கும் அனுப்பினேன், ஓய்வுபெற்று வீட்டிலிருந்தவர்களுக்கும் அனுப்பினேன். "மிஸ், இது கிடைக்குமா?" என்று கேட்பார்கள். சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று எடுத்து அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடுவேன். பதிலுக்குக் கூப்பிய கைகளின் படம் ஒன்று வரும்.

கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அது வெளியாவதற்கு முன்பே என் ஒப்பந்தம் முடிந்தது. இந்த முறை புதுப்பிக்கவில்லை. அறையைப் பூட்டும் திறப்பைத் திருப்பிக் கொடுக்க ஒரு கிழமை தந்தார்கள். கடவுச்சொல்லை அன்று பின்னேரமே வெட்டிவிட்டார்கள்.

சில மாதங்களில் அதே துறையில் நிரந்தரப் பதவி ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. வயதெல்லை எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று தெளிவாகவே சொன்னது. ஆய்வுக் கட்டுரை ஏதும் இருந்தால் வெளியான வடிவத்தில் முழுப் பிரதியை இணைக்கவேண்டும், இணைப்பு முகவரியோ ஏற்றுக்கொண்ட கடிதமோ போதாது என்றும் எழுதியிருந்தது. எனக்கு இருந்ததே அந்த ஒரு கட்டுரை. அது இல்லாவிட்டால் என் விண்ணப்பம் வெறும் சான்றிதழ்க் கட்டு. இணையத்தில் தேடினேன். தலைப்பு தெரிந்தது, சுருக்கம் தெரிந்தது, என் பெயரும் தெரிந்தது. திறந்தால், டொலரில் காசு கட்டு அல்லது உன் நிறுவனத்தின் ஊடாக உள்ளே வா என்றது. எங்கள் வீட்டில் ஒருவரிடமும் டொலர் கட்டக்கூடிய அட்டை இல்லை. எனக்கு நிறுவனமும் இல்லை. களவாகக் கட்டுரை தருகிற தளங்களிலும் பார்த்தேன். புதிய கட்டுரை என்பதால் அங்கே இன்னும் வந்து சேரவில்லை.

ஆய்விதழ்காரர்கள் கட்டுரை வெளியானதும் ஒரு பிரதியை இலவசமாக அனுப்புவார்கள். தொடர்புக்குரிய ஆசிரியர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும். அது சேரின் பெயர். ஆகவே சேருக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது. கட்டுரை வரவில்லை. இரண்டு நாள் பொறுத்து நேரே போனேன், கதவோரம் நின்றேன், இருக்கச் சொன்னார்.

"அனுப்புறன் பிள்ளை. எங்கயோ மெயிலுக்குள்ள கிடக்கு, தேடோணும். ஞாபகப்படுத்துங்கோ."

"இப்ப எடுக்கேலாதா சேர்? முடிவுத் திகதி கிட்ட வந்திட்டு."

"ஓம் ஓம், தெரியும். நானும்தானே அந்த விளம்பரத்துக்குக் கையெழுத்து வச்சனான்." சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

ஞாபகப்படுத்தினேன். திரும்பவும் ஞாபகப்படுத்தினேன். கடைசியில் வெட்கத்தை விட்டுக் குழுவில் கேட்டேன். "வளாகத்துக்குள் இருக்கிற யாராவது இதை இறக்கித் தரமுடியுமா? என்னுடைய கட்டுரைதான்." எல்லாரும் வாசித்ததைக் காட்டும் நீல அடையாளம் விழுந்தது. எத்தனையோ பின்னேரங்கள் என்னிடம் கட்டுரைகளை வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் வாசித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி மட்டும் தனியாக எழுதினாள்: "சேர் குறூப்பில இருக்கிறார் மிஸ். அவர் குடுக்காததை நாங்கள் குடுத்தால் அவருக்கு முகத்தில அடிச்ச மாதிரி இருக்கும். குறை நினைக்காதீங்க." நன்றாகக் குறை நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் பெண்ணுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். ஒப்பந்தக் காலத்தில் நான் உள்ளே வந்தாலே எழும்பி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிடுவாள். அன்றைக்கு எழும்பவில்லை. மிஸ் என்றும் சொல்லவில்லை.

"வெளி ஆக்களுக்கு ஒரு கம்பியூட்டர் இருக்கு அக்கா. அதில வாசிக்கலாம். எடுக்கேலாது. பிரிண்ட் அடிக்கேலாது, பென்டிரைவ் போடேலாது. இதழ்க் கம்பெனியோட ஒப்பந்தம் அப்பிடி."

"இது நான் எழுதினது."

"அது சரி அக்கா. ஆனா இப்ப நீங்க வெளி ஆள்தானே."

மூலையில் அந்தக் கணினிக்கு முன் இருந்தேன். கட்டுரை திறந்தது. அச்சாகிய வடிவத்தில் அதை அன்றுதான் முதல் தரம் பார்த்தேன். என் அட்டவணைகள், என் வரைபடம், களப்பின் ஓரத்தில் நான் ஒவ்வொன்றாகக் குறித்த கிணறுகள். அழகாக இருந்தது. சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கைத்தொலைபேசியை மெல்ல எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தேன். பின்னால் அவள் நின்றாள்.

"படம் எடுக்கேலாது அக்கா. மேல கமெரா இருக்கு, என்ர வேலைதான் போகும்."

அவளுடைய வேலை போகும் என்றதும் தொலைபேசியை வைத்துவிட்டேன். என்னுடைய வேலைக்காக ஒரு நிமிடம் திரும்பி நிற்க அவளுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் உம்மா கேட்டார், "என்ன மகள், தந்தாங்களா?"

"இல்லை உம்மா."

"நீ எழுதினதைத்தானே கேக்கிறாய்? உன்ர பிள்ளையை அடுத்த வீட்டில விட்டுட்டு, பாக்கிறத்துக்கு மன்றாடுற மாதிரியெல்லா கிடக்கு."

கடைசி முயற்சியாக, கட்டுரையில் நான் மேற்கோள் காட்டியிருந்த வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். முன்பின் தெரியாதவர். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்விதழ் இருந்தால் என் கட்டுரையை எனக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. கட்டுரையும் கூடவே இருந்தது. "வாசித்தேன், நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். குசினியில் நின்று அழுதேன். அத்தனை நாளில் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அந்தப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடியது. இன்ன பல்கலைக்கழகத்தால் இன்ன திகதி இறக்கப்பட்டது, உரிமம் உள்ளவர்களின் பாவனைக்கு மட்டும் என்று. திருகோணமலையில், துறைமுகப் பக்கமாகப் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் கொமியுனிகேஷன் கடையில் அச்சடிக்கக் கொடுத்தபோது, அங்கிருந்தவர், "அடியில இருக்கிறதை வெட்டிவிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குறிஞ்சாக்கேணிக் கிணறுகளை அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறது என்று நேர்முகப் பரீட்சையில் பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு பெருமை. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, கடற்கரைப் பக்கம் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன்.

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நான். சேரும் இருந்தார், துறைத் தலைவர் என்ற முறையில். கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டு போனேன். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு உறுப்பினர் என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தின் அடியை உற்றுப் பார்த்தார்.

"இது வேற யூனிவேர்சிற்றியின்ர கொப்பி போல இருக்கே. நீங்கள் அங்க படிச்சனீங்களா?"

"இல்லை சேர்."

"அப்ப இது எப்பிடி உங்களிட்ட வந்தது?"

நான் சேரைப் பார்த்தேன். அவர் கட்டுரையின் முதல் ஆசிரியர். 'நான் கொடுக்கப் பிந்திவிட்டேன்' என்று அவர் ஒரு வசனம் சொன்னால் போதும், கதை முடிந்தது. அவர் பேனாவை மூடினார்.

"நல்ல கேள்வி" என்றார். "பதில் சொல்லுங்கோ பிள்ளை."

தெரிந்த ஒருவர் அனுப்பினார் என்றேன். சேர் மற்றவர்களின் பக்கம் திரும்பி, மிக அமைதியாக, உரிம ஒப்பந்தம் என்றால் என்ன, அதை மீறிப் பகிர்ந்தால் நூலகத்தின் சந்தாவையே வெட்டிவிடுவார்கள், மாணவர்களுக்கு ஆய்வு நேர்மையைப் படிப்பிக்கப் போகிறவர் முக்கியமாக இதைத் தெரிந்திருக்கவேண்டும் என்று விளக்கினார். கெட்டித்தனமாக விளக்கினார். என்னிடம் எத்தனை கட்டுரைகளை அப்படிக் கேட்டு வாங்கினார் என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இது நான் எழுதினது சேர்" என்றேன்.

"எழுதினது நீங்கள்தான். அதை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லையே" என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் பைக்குள் தேடிக்கொண்டு நின்றேன். எதைத் தேடினேன் என்று தெரியாது. சிறிது நேரத்தில் சேர் வந்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"குறை நினைக்காதீங்கோ பிள்ளை. இன்டர்வியூ பனல் எண்டா அப்பிடித்தான் கேக்கோணும். அது சரி, அந்தக் கொப்பி ஆரிட்ட எடுத்தனீங்கள்? எங்கட லைப்ரரியில கன இதழ்களை நிப்பாட்டிப்போட்டாங்கள். எனக்கும் ரெண்டு மூண்டு பேப்பர் அவசரமாத் தேவை. அந்த மெயிலை ஒருக்கா அனுப்பிவிடுங்கோவன்."

அவருடைய முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. எனக்கு அவரைக் கொல்லவேண்டும் போலிருந்தது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஆனால் முடிவு இன்னும் வரவில்லை, அவர் கையெழுத்து வைக்கவேண்டிய ஆள். அந்த இடத்திலேயே நின்று, அந்தப் பேராசிரியையின் மின்னஞ்சல் முகவரியை அவருக்கு அனுப்பிவைத்தேன். நல்லவர், நான் சொன்னதாகச் சொல்லுங்கள் சேர் என்றும் சேர்த்து எழுதினேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. நான் இப்போது நகரத்தில் ஒரு தனியார் வகுப்பில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன வருடம் தற்செயலாகத் தேடியபோது புதிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. குறிஞ்சாக்கேணிக் கிணறுகளைப் பற்றித்தான். முதலாவது பெயர் சேருடையது, இரண்டாவது அந்தப் பேராசிரியையினுடையது. மூன்றாவது பெயர் இல்லை. சுருக்கத்தில் தந்திருந்த அளவுகள் என்னுடையவை. நான் போத்தலில் அள்ளிய தண்ணீரின் அளவுகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மேற்கொண்டு என்ன எழுதியிருக்கிறார்கள், நன்றி சொல்லும் இடத்திலாவது என்னை நினைத்தார்களா என்று பார்க்கத் திறந்தேன். நீங்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டது.