நிமிர்ந்து நிற்க ஓர் அறை

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளுக்குப் பணிமனையில் வைத்த பெயர் அரைப்படி. ஓட்டுநர் இருக்கையில் இரண்டு மெத்தைத் துண்டு போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சாலை தெரியும். பின் இருக்கையிலிருந்து பார்த்தால் அவள் தலை தெரியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, வண்டி தானாகவே ஓடுகிறது என்று வீட்டில் போய்ச் சொல்ல, அதன் தாய் பதறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பது அரைப்படியேதான். தன்னைப் பற்றித் தானே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால், அடுத்தவன் சிரிப்பில் பாதிக் காரம் போய்விடும் என்பது அவள் கண்ட அனுபவம்.

வாழ்க்கைப்பட்ட இடமோ பனந்தோப்பு. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாசல்படி ஒவ்வொன்றுக்கும் குனிந்து வணக்கம் வைத்துத்தான் உள்ளே வருவார். மகனும் மகளும் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் அம்மாவைத் தாண்டிவிட்டார்கள். குடும்பப் படத்தில் அவள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன, பல்லு விழுந்துருக்கா?" என்று அவளே கேட்டாள்.

பேருந்தின் காலை நடை முடிந்து பிற்பகல் நடை தொடங்கும்வரை அவளுக்கு வீட்டில் கொஞ்ச நேரம் கிடைக்கும். பிள்ளைகளின் கூச்சல் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிப் படுக்கலாம் என்றால் படுக்கையறையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த கணவர் குறட்டையால் மரம் அறுத்துக்கொண்டிருப்பார். கூடத்தில் மாமனார், ஜன்னலோரத்து நாற்காலியில். அவர் வாயே திறக்கமாட்டார். ஆனாலும் மாமனார் முன்னால் எப்படிக் காலை நீட்டுவது? மிச்சமிருந்தது நிலவறை ஒன்றுதான். உடைந்த சைக்கிள், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள், யாருக்கும் வேண்டாத கட்டில், நிறைய ஈரம்.

"நம்ம கீழ்ரூமைச் சரி பண்ணணுங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

"பண்ணேன், யாரு வேணாங்கிறா" என்றார் கணவர், அவள் பண்ணமாட்டாள் என்ற நம்பிக்கையில்.

அவள் பண்ணினாள். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டாள். முதல் படத்தில் படிக்கட்டு பக்கத்து வீட்டுக்குள் இறங்கியது. இரண்டாவது படம் அறை மாதிரியும் இருந்தது, படுத்திருக்கும் எருமை மாதிரியும் இருந்தது. அதோடு விடவில்லை. கைப்பேசியில் காணொலி காணொலியாகப் பார்த்தாள். ஈரம் ஏறாமலிருக்கத் தரையை உயர்த்திப் பலகை அடிக்கவேண்டும், மேலே ஓடும் தண்ணீர்க் குழாய்களை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடவேண்டும் என்றெல்லாம் படித்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் பேருந்தில் கூட வரும் உதவியாளம்மாவுக்கே பாடம் எடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. "நீ ஓட்டுநர் வேலைக்கு வந்திருக்கவே கூடாது" என்று அந்த அம்மா சொன்னதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் விஷயம் பரவியது. "அம்மா, ஒரு ஓரமா என் டிரம்ஸை வச்சுக்கிறேன்" என்றான் மகன். "எனக்கு ஒரு பக்கச் சுவர் மட்டும் போதும்மா, பந்து அடிச்சுப் பழக" என்றாள் மகள். கணவர் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அரைப்படிக்கு இல்லை என்று சொல்ல வராது. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்காரவைப்பவள், தான் பெற்ற இரண்டிடம் தலையாட்டிப் பொம்மை. ஒவ்வொருவர் கேட்டதற்கும் படத்தில் இடம் ஒதுக்கினாள். அவள் கட்டில் அறையின் நடுவிலிருந்து மூலைக்கு வந்தது, மூலையிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் போனது. கடைசிப் படத்தில் கட்டிலே இல்லை. ஒரு முக்காலி இருந்தது. அமைதி வேண்டி அறை போட ஆரம்பித்து, அதற்குள் டிரம்ஸைக் கொண்டுவந்து வைத்த புத்திசாலி உலகத்தில் தான் ஒருத்திதான் இருப்பாள் என்று நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினாள். "எல்லாரும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துடுங்கம்மா. வேலை தொடங்கினப்புறம் மாத்தச் சொன்னா என்னால முடியாது" என்றார் அவர்.

அதனால் விடுமுறை நாளில் ஒரு வெள்ளோட்டம் விடத் தீர்மானித்தாள். தரையில் எங்கே டிரம்ஸ், எங்கே சைக்கிள் என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, மேலே பலகை பரப்பி, தரை உயரப்போகும் அளவைக் காட்டினாள். குழாய்களுக்குக் கீழே கயிறு கட்டிப் பழைய படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டாள். அதுதான் ஃபால்ஸ் சீலிங். பலகைமேல் ஏறி நின்று பார்த்தாள். தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தது. பிரமாதம் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டு, "எல்லாரும் வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

முதலில் வந்தவர் கணவர். பலகைமேல் ஏறினார். அவர் தலை விரிப்புக்குள் போய் மறைந்தது. உள்ளேயிருந்து குழாயில் மண்டை மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ! என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றது விரிப்பு. "சீலிங் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

மகன் கேள்விக்குறியாக வளைந்து நின்றான். மகள் முழங்காலில் நின்று, "அம்மா, இங்க பந்து அடிக்க முடியாது, உருட்டத்தான் முடியும்" என்றாள். அப்படியே சிரித்துச் சிரித்துப் பலகையில் சரிந்தாள்.

அரைப்படி விரிப்பை அண்ணாந்து பார்த்தாள். நீளம் அளந்திருந்தாள், அகலம் அளந்திருந்தாள், சுவரின் ஈரத்தைக்கூட விரலால் தொட்டுத் தொட்டு அளந்திருந்தாள். உயரத்தை அளக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து எங்கேயும் தலை இடித்திராதவளுக்கு, கூரை என்பது இடிக்கிற சாமான் என்றே தோன்றவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் உண்டு. உயரம் தெரியாமல் தலையை விடச் சொன்னவள் இவள்தான். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதையில்கூட ஆண்டி நிமிர்ந்து நிற்க இடம் இருந்திருக்கும். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் சிரித்துவிடலாம் என்று பார்த்தாள். இந்த முறை முந்த முடியவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

அப்போது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு யாரோ இறங்கும் ஓசை. மாமனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் அவரிடம் எதுவும் வேண்டுமா என்று கேட்டதும் இல்லை. மெதுவாக வந்தார். பேரன் கையைக் கொடுக்க, பலகைமேல் ஏறினார். முதுகு வில்லாக வளைந்த மனிதர். விரிப்பு அவர் தலையைத் தொடவில்லை.

எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்த உயரமெல்லாம் என்னோடதுதான்" என்றார். "எல்லாத்தையும் இவங்களுக்குக் குடுத்துட்டேன். எனக்கு இடிக்கலைம்மா. உனக்கு இடிக்குதா?"

"இல்ல மாமா" என்றாள்.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் இது சரியாத்தானே இருக்கு? எதுக்கு மாத்தணும்?"

கணவர் விரிப்பை விலக்கித் தலையை வெளியே எடுத்தார். நெற்றியில் புடைத்திருந்தது. அவர் முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தார். "உன் கட்டில் எங்கம்மா?" என்று கேட்டார். அவள் முக்காலிக்குப் போட்டிருந்த சின்ன வட்டத்தைக் காட்டினாள். அவர் செருப்புக் காலால் டிரம்ஸ் கோட்டையும் தன் சைக்கிள் கோட்டையும் தேய்த்து அழித்தார். மகள் தன் பங்குக் கோட்டைத் தானே அழித்தாள். மகன்தான் சற்று முணுமுணுத்தான்.

மழைக்காலம் வருவதற்குள் வேலை முடிந்தது. சுவர் காய்ந்தது, தரை உயர்ந்தது, குழாய்கள் மறைந்தன. ஒரு பக்கம் அவள் கட்டில், எதிர்ப்பக்கம் மாமனாருடைய நாற்காலி. அவருக்காகப் படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி.

முதல் நாள் காலை நடை முடித்து வந்து, ஆசை ஆசையாகக் கட்டிலில் விழுந்தாள். என்ன அமைதி! கண் சொருகியது. அப்போது, இத்தனை வருஷமாகக் கூடத்தில் வாய் திறக்காத மனிதர் தொண்டையைச் செருமினார்.

"நான் கல்யாணம் ஆன புதுசுல சரக்கு லாரி ஓட்டினேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு பாலத்துக்கு அடியில் லாரி சிக்கிக்கொண்டதையும், சக்கரத்துக் காற்றை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியை வெளியே எடுத்ததையும் அவர் சொல்லச் சொல்ல, அவள் தூக்கம் போயே போய்விட்டது. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"காத்து இறக்கினப்புறம் எப்படி மாமா ஓட்டினீங்க?"

"அதைத்தானே சொல்ல வர்றேன்" என்றார் அவர்.

அன்று பிற்பகல் நடைக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். உதவியாளம்மா முறைத்தாள். "உன் புது ரூம்ல நல்ல தூக்கமோ?"

"தூக்கமா?" என்று இருக்கையில் மெத்தைத் துண்டுகளைச் சரிசெய்தபடி அரைப்படி சொன்னாள். "நீ ஏறு. வழியில சொல்றேன். ஒரு லாரி பாலத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு…"