காலை ஆறரை மணித் தண்ணீர்

குற்றாலத்து லாட்ஜுக்குப் போன் செய்பவர்கள் வாடகையை முதலில் கேட்பதில்லை. “தண்ணி விழுதா?” என்றுதான் கேட்பார்கள். ஆனி பிறந்து மலையில் சாரல் இறங்கிவிட்டால் நாள் முழுக்க இதே கேள்விதான். அதற்குப் பதில் சொல்வது ஒரு சீசன் முழுக்க என் வேலையாக இருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கினேன், கேரளாவில் பிளைவுட் கம்பெனியில் இருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அந்த முறை காய்ச்சலோடு ரயிலேறித் தென்காசியில் இறங்கி, நாலு நாள் பஸ் ஸ்டாண்டில் கிடந்தேன். காய்ச்சல் விட்டதும் குற்றாலத்துக்கு நடந்தேன். அருவியில் குளிக்க யாரும் காசு கேட்கமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஈர வேட்டியோடு ஐந்தருவிச் சாலையில் போய்க்கொண்டிருந்தவனை ஓர் அக்கா கூப்பிட்டு, “தண்ணித் தொட்டி கழுவத் தெரியுமாலே?” என்றார். தெரியும் என்றேன். பத்து அறை உள்ள ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார் அவர். எனக்கு மாடிப்படிக்குக் கீழே படுக்க இடம் கிடைத்தது.

அந்தக் குத்தகைதான் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர், “ரிசார்ட்காரங்க கேக்குதாங்க. இந்த சீசன்லயும் ரூம் காலியாக் கெடந்தா ஆவணியில சாவியைக் கொடுத்துரும்மா” என்று சொல்லியிருந்தார். அறைகள் காலியாகக் கிடந்ததற்குக் காரணம், வருகிறவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டதுதான். போன வருஷத்து வெள்ளத்தை இன்றைக்கு விழும் தண்ணீர் என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். நம்பி வந்தவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த லாட்ஜ்காரரைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலை ஆறரைக்கு நான் மெயின் அருவி முன்னால் நின்று ஒரு நிமிஷ வீடியோ எடுக்க வேண்டும்.

“அன்னைக்குள்ள பேப்பரை முன்னால பிடிச்சுக்கிட்டு எடு. தேதி தெரியணும். அதுக்குப் பொறவு எவனும் வாயைத் திறக்க முடியாதுல்லா.”

அவருடைய பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அது போகும்.

தொட்டி கழுவுவதைவிட இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. தண்ணீரை எப்படி அளப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பேப்பரில் எவ்வளவு விழுந்தாலும் ‘ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது’ என்றே எழுதுகிறார்கள். நானாகச் சில அளவுகள் வைத்துக்கொண்டேன். எந்தப் பாறை மூடியிருக்கிறது, எத்தனை பேர் வரிசையாக நின்றால் எல்லார் தலையிலும் விழும், அருவிச் சத்தத்தில் டீக்கடைக்காரரிடம் ஒரு டீ என்பதை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம், எப்போது குளிக்கத் தடை போடுவீர்கள் என்று கேட்டேன். அருவிக்கு முன்னால் கட்டியிருந்த சிமெண்ட் வளைவைக் காட்டி, “அந்த வளைவைத் தாண்டித் தண்ணி வெளிய விழுந்துதுன்னா கயிறு கட்டிருவோம். நீ என்ன பரீட்சையா எழுதப்போற?” என்றார்.

சனி, ஞாயிறுகளில் அருவிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. ஈரத் துணியும் ஷாம்பு பாக்கெட்டும் காலில் சிக்கும். அதனால் வீடியோவோடு ஒரு வரியும் சேர்த்தேன்: ‘சனிக்கிழமை வராதீர்கள். செவ்வாய் வந்தால் அரை மணி நேரம் நிம்மதியாக நிற்கலாம்.’ அக்காவுக்குக் கோபம் வந்தது.

“வாரவனையும் வராதங்குதியே, ஒனக்குக் கிறுக்கா?”

ஆனால் இரண்டு வாரத்தில் செவ்வாய், புதனுக்கும் அறை கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

ஆடியில் அக்காவின் பழைய வாடிக்கைக்காரர்களான, சங்கரன்கோவில் பக்கத்துத் திருவேங்கடத்துக்காரர்கள் வருவதாக இருந்தது. மானாவாரி விவசாயிகள். புரட்டாசியில் விதைக்கும்வரை வேலை இல்லாததால், ஆடியில் இரண்டு வேன் பிடித்து நாற்பது பேர் வந்து, பத்து அறைகளையும் மூன்று நாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். அக்கா நம்பியிருந்தது அவர்களைத்தான். என் வரியைப் படித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமையே கிளம்பினார்கள். அன்று ஆறரைக்குத் தண்ணீர் வெள்ளை வெளேரென்று, அளந்து விட்டதுபோல விழுந்தது. அனுப்பினேன்.

ஒன்பதரைக்கு வளைவைத் தாண்டியது. விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிக் கயிறு கட்டினார்கள். ஐந்தருவியிலும் அதே கதைதான். பத்தரைக்கு வேன்கள் வந்து நின்றன. இறங்கிய ஆண்கள் எல்லோரும் வீட்டிலேயே தலையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். நெற்றியில் எண்ணெய் வழிய, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று அருவியைப் பார்த்தார்கள். பிறகு லாட்ஜுக்கு வந்தார்கள்.

“ஏம்மா, காலையில பாலு மாதிரி அனுப்புனிய. இங்கன வந்தா கயிறுல்லா கட்டியிருக்கான்?” என்றார் அவர்களைக் கூட்டிவந்த அண்ணாச்சி. “இந்த எண்ணெய்த் தலையோட நாங்க ஊருக்குத் திரும்பவா?”

“பழைய வீடியோவா இருக்கும் மாமா” என்றாள் வேனிலிருந்து இறங்காத ஒரு பெண்.

“தேதியைப் பாருங்க அண்ணாச்சி” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

ஒரு டிரைவர், அப்படியே திற்பரப்பு அருவிக்கு விட்டுவிடலாமா என்று கேட்டார். அக்கா அலுவலக மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“நீதான் எடுத்தியா? போட்டுக் காமி பாப்போம்.”

அவருடைய போனிலேயே ஓடவிட்டேன். இரண்டாவது தடவை நடுவில் நிறுத்தி, திரையின் அடியில் விரலை வைத்தார். “இது என்னது?”

அருவி விழும் இடத்தில் தண்ணீரோடு சருகும் சுள்ளியும் சுழன்றுகொண்டிருந்தன. மேலே காட்டுக்குள் எங்கோ மழை பெய்து, காய்ந்து கிடந்ததை அரித்துக்கொண்டு வந்திருக்கிறது; பின்னாலேயே வெள்ளம் வரும் என்பதற்கு அடையாளம். நான் அங்கேயேதான் நின்றேன், பார்க்கவில்லை.

“மலை உச்சி எங்க?” என்றார் அடுத்து.

உச்சி தெரியவில்லை. தேதி தெரிய வேண்டும் என்று நான் தூக்கிப் பிடித்த பேப்பர் அதையும், அங்கே மேகம் கறுத்திருந்ததா என்பதையும் மறைத்திருந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி வழுக்கைத் தலையைத் தடவி, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். “மேகத்தைப் பாத்து விதைக்கிற ஆளு நான். இதை வேன்ல மூணு தடவை பாத்தேன். எனக்கும் வெள்ளையா விழுறது மட்டுந்தான் கண்ணுல பட்டுது. இவனைச் சொல்லி என்ன செய்ய? சட்டியை இறக்குங்கலே, சோத்தைப் பொங்குவோம்.”

அன்று நாற்பது பேரும் நான் கழுவிய தொட்டித் தண்ணீரில்தான் எண்ணெய் போகக் குளித்தார்கள். தொட்டி இரண்டு தடவை காலியானது. மறுநாள் மத்தியானம் ஐந்தருவியில் கயிற்றை அவிழ்த்தார்கள். மூன்று நாளும் இருந்துவிட்டே போனார்கள்.

அதற்குப் பிறகு பேப்பரை நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடித்தேன். முதலில் மலை உச்சி, பிறகு அருவி, கடைசியில் தரையில் ஓடும் தண்ணீர். முடிவில் என் குரலில் சொல்வேன்: “இது காலை ஆறரைக்கு. பத்து மணிக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு சொன்னா எவன் வருவான்?” என்றார் அக்கா. சிலர் வரவில்லைதான். ஆனால் வந்தவர்கள் சண்டை போடவில்லை. ஆடிக் கடைசியில் ஒரு புதன்கிழமை சொந்தக்காரர் வந்தபோது அவர் பையை வைக்கக்கூடக் காலி அறை இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். “அடுத்த சீசனும் பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணியில் நான் கிளம்பிவிட்டேன். கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆனியில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தபோது அந்த அண்ணாச்சி போன் செய்தார்.

“ஏலே, மலை எப்படிக் கெடக்கு?”

நான் அங்கே இல்லை என்றேன். ஆனால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அக்காவுக்குப் போட்டேன். அண்ணாச்சி விசாரித்ததைச் சொல்லி, தண்ணி விழுதா என்று கேட்டேன்.

“நல்லாத்தான் விழுது” என்றார். அருவி முன்னால்தான் நின்றார் போல, பின்னால் அதன் சத்தம் கேட்டது. “ஆனா உச்சி கறுத்துக் கெடக்கு, சருகும் வருது. ரெண்டு நாள் பொறுத்து வரச் சொல்லு.”