நல்லவேளை, அவரில்லை

எங்கள் அண்ணனுக்கு ஒரு பெரிய நடிகரின் பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே கொடைக்கானலில் வந்து இறங்கியதும் அப்பா பார்த்த முதல் படம் அந்த நடிகருடையது. அடுத்துப் பிறந்த தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அண்ணன் வட்டக்கானலில் ஜீப் ஓட்டினான். ஏறுகிற டூரிஸ்டுகள் பெயரைக் கேட்டுச் சிரித்தால், "அவரு நடிக்கிறாரு, நான் ஓட்டுறேன்" என்பான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, மூடுபனி விலகாத வளைவில் ஜீப் பள்ளத்தில் உருண்டது. வண்டியில் அவன் மட்டும்தான். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். பத்து மணி வாக்கில் கேட்டில் கூட்டம் சேர்ந்தது. ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு பெண்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள்.

"எம்புள்ளைக்கு இம்புட்டுச் சனமா?" என்றாள் அம்மா.

சிவந்த கண்களோடு ஒரு இளைஞன் என்னிடம் வந்தான். "அக்கா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"அவருக்குத் தங்கச்சி இருக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரோ அண்ணனின் பெயரை மட்டும் போட்டு, கொடைக்கானலில் விபத்து, மரணம் என்று செல்போனில் பரப்பியிருந்தார்கள். அந்த வாரம் மலையில் அந்த நடிகரின் ஷூட்டிங் வேறு நடந்துகொண்டிருந்தது.

"அவரு இல்லீங்க. இது எங்க அண்ணன். ஜீப் ஓட்டுறவரு."

அவன் திரும்பிக் கத்தினான்: "ஏலே, நம்ம ஆளு இல்லலே! யாரோ டிரைவராம்!"

கூட்டம் மூச்சு விட்டது. "நல்லவேளை, முருகன் காப்பாத்திட்டான்" என்று ஒரு பெண் கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில், நலமாக இருப்பதாக அந்த நடிகரே பேசிய வீடியோ வந்தது. ரோட்டில் சரவெடி கொளுத்தினார்கள்.

"எதுக்கு வெடி?" என்று அம்மா கேட்டாள்.

"ஏதோ கல்யாணம்மா."

"பொய் சொல்லாத. செத்தது எம்மகன்னு தெரிஞ்சதும் வெடி போடுறானுக."

எழுந்து கேட்டுக்குப் போனாள். நான் பிடித்தும் நிற்கவில்லை.

"பேரக் கேட்டுத்தானே வந்தீக? அந்தப் பேருக்காரன் உள்ளதான் கெடக்கான். வந்தது வந்தீக, பாத்துட்டுப் போங்க."

ஒவ்வொருவராக நழுவினார்கள். கத்திய அந்த இளைஞன் மட்டும் உள்ளே போனான். வெளியே வந்து, சுவரோரம் குத்தவைத்து வாந்தியெடுத்தான்.

அடக்கத்துக்கும் அவன் வந்தான். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஸ்டாண்டு ஆட்களோடு இறங்கி வாளியால் இறைத்தான். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் அந்த ஈரத்திலேயே அண்ணனை வைத்தோம். அம்மா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அண்ணனைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "மூத்தவன்" என்கிறாள்.