கம்பி அறுந்த மலை

டிக்கோயாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்த ஜெனுஷா, மின் பொறியியல் படித்துவிட்டு நோர்வூட் பக்கம் ஒரு தனியார் நீர்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து தேயிலை மலைகளுக்கு மேலாகப் போகும் மின்கம்பியைக் காப்பது ரிலே என்ற கருவி. கம்பியின் இரு முனைகளிலும் ஓடும் மின்சாரத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஒரு சமயம் யாரோ கணினி வழியாகப் புகுந்து ரிலேக்குப் பொய் அளவுகளை அனுப்பினார்கள். கோளாறே இல்லாமல் மின்சாரம் திரும்பத் திரும்ப நின்றது. தொழிற்சாலைகளில் தேயிலைக் கொழுந்து வீணானது. அதற்குப் பிறகு ஜெனுஷா, பழைய பதிவுகளைக் காட்டிக் காட்டி, உண்மைக் கோளாறையும் பொய்யையும் பிரித்தறிய ஒரு கணினி நிரலைப் பழக்கினாள். பொய்யென்று பட்டால் அது ரிலேயைத் துண்டிக்க விடாமல் தடுத்துவிடும். அடுத்த தாக்குதல் பலிக்காமல் போனபோது மேலாளர் லோஜன் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் மழையில் ஒரு மரம் சாய்ந்து, கம்பி அறுந்து கொழுந்து மலையில் விழுந்தது. ஈரச் செடிகளுக்குள் கிடந்த அதிலிருந்து மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்ந்தது. நிரல் அப்படியொரு கோளாறைக் கண்டதில்லை. தாக்குதல் என்று எண்ணி ரிலேயைத் தடுத்தது. வேறொரு கருவி மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியாயி இறந்துபோனாள்.

மழையால் வந்த விபத்து என்று சொல்லிவிடலாம் என்றார் லோஜன். விசாரணையில் ஜெனுஷா நடந்ததையே சொன்னாள். கருமாதி முடிந்ததும் காளியாயியின் வீட்டுக்குப் போனாள். கணவர் சின்னராசா அவளை உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார்.

"கரண்டை நிப்பாட்டத்தானே அந்த மெசினு, தங்கச்சி? ஏன் நிப்பாட்டல?"

"யாரோ ஏமாத்துறாங்கன்னு நெனச்சிருச்சுங்க அண்ணே. அதைப் பழக்கினது நான்தான்."



"இப்ப அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க. அன்னைக்குப் பதிவானதையும் காட்டிட்டேன்."

சின்னராசா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் குடிக்காத தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

ரிலேயைத் தடுக்கும் அதிகாரத்தை ஜெனுஷா நிரலிடமிருந்து எடுத்துவிட்டாள். இனி அதனால் எச்சரிக்க மட்டுமே முடியும். மார்கழியில் மறுபடி தாக்குதல் வந்தது. நிரல் பொய்யென்று சரியாகவே சொன்னது. ஆனாலும் ரிலே துண்டித்தது, தோட்டங்கள் இருண்டன. உடனே இணைப்பைக் கொடுக்கும்படி லோஜன் போனில் சத்தம் போட்டார். ஜெனுஷா மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, வேலையாட்களோடு கம்பி போகும் வழியெல்லாம் நடந்தாள். எங்கும் எதுவும் விழவில்லை என்று பார்த்த பிறகே இணைப்பைக் கொடுக்கச் சொன்னாள்.